மூத்தவனுக்குச் சின்னவன் என்று பேர்

என் தம்பி மகனை நான் ஒரு முறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. தாடிக்கொம்பு சாலையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். போன மாதம் அவனிடம் ஓர் உதவி கேட்கப் போனேன். நான் செத்தால் என் பெட்டிக்கு முன்னால் அவன் சிலுவை தூக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முதல் பேரனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். வைத்துவிட்டு, அந்தப் பெயரை மகன்களும் மருமகள்களும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பெரியவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட முடியுமா? தாத்தா இறந்தால் அவர் பெயர் எழுதிய மரச்சிலுவையை அந்தப் பேரன்தான் முன்னால் தூக்கிப் போவான். கல்லறையில் அதை நடுவதும் அவன்தான். அப்படிப் பேரன் இல்லாத வீட்டில் மகனோ மகன் முறை உள்ளவனோ தூக்குவான்.

நான் மூத்தவன். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். தம்பி பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போனவன். ஊரில் அப்பாவுடன் இருந்தான். எனக்குக் கல்யாணம் முந்தி நடந்தது, பிள்ளை பிந்தியது. தம்பிக்குக் கல்யாணமான வருஷமே ஆண் குழந்தை. அவன் டவுனுக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றான்.

"அண்ணே, புள்ளைக்கு அப்பா பேர வைக்கலாம்னு இருக்கோம்."

"முடிவு பண்ணிட்டுச் சொல்ல வந்தியா, கேக்க வந்தியா?"

"கேக்கத்தானண்ணே வந்துருக்கேன்."

"அப்ப வைக்காத. மூத்தவன் வீட்டுல இன்னும் புள்ள பொறக்கல."

"பொறக்கும்போது பாத்துக்குவம்ணே" என்றான். என் மனைவியைக் குத்திக் காட்டுகிறான் என்று எனக்குப் பட்டது. அவன் ஆறுதலாகத்தான் சொன்னானோ என்னவோ. அந்த ஞானஸ்நானத்துக்கு நான் போகவில்லை. பெயரை வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். நானும் அதே பெயரை வைத்தேன். பங்குச் சாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு பிள்ளையா? எப்படிக் கூப்பிடுவீங்க?"

"இவன் பெரியவன். அவன் சின்னவன், சாமி."

"அந்தப் பையன்தானே மூத்தவன்?"

"வயசுல. முறையில இவன்தான்."

அப்பா பக்கத்தில் இருந்தார். துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு பேசாமல் நின்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ஊர் வீட்டில் சாப்பாடு. தம்பி மனைவி என்னிடம் நேரே பேசமாட்டாள். அடுப்பைப் பார்த்துப் பேசுவாள். "தொட்டில்ல பெரியவரு முழிச்சுக்கிட்டாரு, யாராச்சும் போய்த் துணிய மாத்தி விடுங்க" என்றாள். பிறகு நடை பழகித் திரிந்த தன் மகனைப் பிடித்து, "ஏலே சின்னவனே, மரியாதையா எந்திரிச்சு நில்லுலே. பெரியவரு ஒண்ணுக்கு இருந்துருக்காரு" என்றாள்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். "இந்த வீட்டுல இனி மாத்திக் கூப்பிடுறதக் கேட்டேன்னா, நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றேன். படித்தவன், மூத்தவன், சம்பளக்காரன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஓடித் திரிந்தவன் சின்னவன். தொட்டிலில் கிடந்தவன் பெரியவன்.

வீட்டோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் நான் வேலை பார்த்த பள்ளிக்கே வந்தார்கள். எனக்கும் தம்பிக்கும் பெயரின் முதல் எழுத்து ஒன்று. அதனால் பிள்ளைகளின் இனிஷியலும் ஒன்றாகிவிட்டது. என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது தம்பி மகன் எட்டாம் வகுப்பு. மார்க் எல்லாம் மாறிப் போகிறது, ஏதாவது அடையாளம் வையுங்கள் சார் என்று தலைமையாசிரியர் என்னிடமே கேட்டார். எட்டாம் வகுப்புப் பையன் பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்று சேர்க்கச் சொன்னேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பையன்கள் சும்மா இருப்பார்களா? "ஏலே ஜூனியர், ஒங்க சீனியரு டவுசர் கிழிஞ்சு ஆறாப்பு வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கிறாருலே. போய்த் தூக்கிட்டு வாலே." வராந்தாவில் நின்று என் காதால் கேட்டேன். ஓர் அதட்டலில் நிறுத்தியிருக்கலாம். அதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் பிரம்பை எடுத்தவன் நான். அன்று எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விஷயம் தெரிந்து தம்பி ஷிப்ட் முடிந்த கையோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். தலையில், புருவத்தில் எல்லாம் பஞ்சு.

"எம் புள்ள பேருக்கு வால் ஒட்ட ஒனக்கு யாருலே உரிமை குடுத்தா?"

அதுவரை அவன் என்னை 'லே' போட்டுப் பேசியதில்லை. சக ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது மில்லு இல்ல. கத்தாம வெளிய போ" என்றேன்.

அடுத்த வருஷம் அப்பா இறந்தார். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதும், மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டியதும் தம்பி மகன்தான். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவேன். அடக்கத்தன்று காலையில் ஆசாரி சிலுவையைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புப் பெயிண்ட், வெள்ளை எழுத்து. யாரும் சொல்லாமலே பையன் அதை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

நான் போய்ச் சிலுவையைப் பிடித்தேன். "பெரியவன் இருக்கும்போது சின்னவன் எடுக்கக் கூடாது."

அவன் விடவில்லை. அழவும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. வெள்ளை எழுத்து கலைந்து அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. என் மகன் பயந்துபோய், "எனக்கு வேணாம்ப்பா, அவனே எடுக்கட்டும்" என்றான். அவன் காதைத் திருகித் தூக்க வைத்தேன்.

பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்று தம்பி வாயைக் கட்டிக்கொண்டான். மண் போட்டு முடித்து எல்லாரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னை மறித்தான். "நீ செத்தா நான் வரமாட்டேன். நான் செத்தா நீ வராத" என்றான். அதன் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் இறந்தான். நான் போகவில்லை. அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அது பொய். அந்த வீட்டு முற்றத்தில் நிற்கப் பயம்.

என் மனைவியும் இறந்துவிட்டாள். முறைப்படி பெரியவனான என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கே தாத்தா பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிக்கொண்டான். அவன் மகனுக்கு என் பெயரை வைக்கவில்லை. போனில் தேடி எடுத்த பெயர், எனக்கு வாயில் நுழையாது. எனக்கு ஒன்று ஆனால் உடனே வருவாயா என்று ஒரு நாள் கேட்டேன். "ஃப்ரீசர் பாக்ஸ் இருக்குல்லப்பா. பாக்கலாம்" என்றான். அவனுக்கும் என் மேல் பிரியம் கிடையாது. அந்தக் காது இன்னும் வலிக்கிறதோ என்னவோ.

அப்படித்தான் போன மாதம் தம்பி மகன் கடைக்குப் போனேன். பலகையில் 'ஜூனியர் மோட்டார் ஒர்க்ஸ்' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், கருகிப்போன போர்வெல் மோட்டாரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தம்பி மகன் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"சின்னவனே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். வா என்று சொல்லவில்லை. "என்ன பெரியப்பா, போர்டப் பாத்தீங்களா? நீங்க ஒட்டுன வாலுதான். அதுலதான் சோறு திங்கிறேன்."

வந்த காரியத்தைச் சொன்னேன். கம்பியை விடாமல் கேட்டான்.

"அதுக்குத்தான் பெரியவரு இருக்காருல்ல?"

"அவன் வரமாட்டான்ப்பா."

"பெரியவரு இருக்கும்போது சின்னவன் எடுக்கக் கூடாது பெரியப்பா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

விவசாயி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போகாமல் நின்றேன். அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"எம் பேரு என்ன? ஒரு தடவ சொல்லுங்க, கேப்போம்."

"அப்பா பேரச் சொல்ற பழக்கம் இல்லையேப்பா" என்றேன்.

"எங்கப்பாவும் சொன்னதில்ல. ஆனா அவரு எனக்கு வால் ஒட்டல. சொல்லுங்க."

சொன்னேன். அப்பாவின் பெயரை என் வாயால் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. விவசாயி வியந்துபோனார்.

"ஜூனியர் தம்பி, ஒங்க பேரு இதா? இம்புட்டு நாளாத் தெரியாதே!"

"இவருக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றான் அவன். பிறகு என்னைப் பார்த்து, "சிலுவைக்கு வேற ஆளப் பாருங்க. நான் தூக்க மாட்டேன். அந்தா பஸ் வருது" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கம்பியைக் கையில் எடுத்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான் நினைவு வந்தது. அவ்வளவு நேரம் அங்கே நின்றும், எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன். மன்னித்துக்கொள் என்று நான் சொல்லவே இல்லை.