எம்.கே. யார் என்று கேட்டார்கள்

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் வாசித்தது ஓர் அறிவித்தல். ஒரு பக்கம், பதினொரு விதிகள், ஆங்கிலத்தில் மட்டும். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணினிப் பகுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்ட மாதம், அதை நானே தட்டச்சுச் செய்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கணினி அறைக் கதவில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். வெளியிலிருந்து புளொப்பி கொண்டுவரக் கூடாது. சொந்த வேலை செய்யக் கூடாது. கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இப்படியே பதினொன்று வரை போகும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் காவலரணில் நிற்பவரின் முகம் மாறுகிற காலத்தில், ஒரு கதவில் என் கையெழுத்தோடு ஒரு கட்டளை தொங்குவது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்த கதைதான், வேறென்ன.

அறிவித்தலை முதலில் வாசித்தவர் டைப்பிஸ்ட் மிஸ். கந்தோரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள், நானும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆங்கிலம், தமிழ் இரண்டு தட்டச்சு இயந்திரத்திலும் இருபது வருடம் அடித்த கை. மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கடைசி விதி வரை நிதானமாக வாசித்துவிட்டு, "மோயீசனுக்கே ஆண்டவர் பத்துத்தான் குடுத்தவர். உங்களுக்குப் பதினொண்டா தம்பி?" என்றார். பின்னால் நின்ற கிளாக்கர்மார் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. செருப்பைப் பற்றிச் சொன்னபோது, "கோயிலுக்குள்ளயே செருப்போடதான் போறம். உங்கட பெட்டிக்கு முன்னால கழட்டோணுமோ?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கழற்றவும் செய்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிபடாத விஷயம். முக்கியமில்லாத விதிகளைச் சிரித்துக்கொண்டே பின்பற்றுவார். முக்கியமானவற்றை அதே சிரிப்போடு மீறுவார்.

நான் மாதா மாதம் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தேன். அவர் புதிய சொல்லைத் தேவமாதா படத்தின் பின்பக்கத்தில் எழுதி, படத்தைத் திரையின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார். நான் கிழித்தால் அடுத்த நாள் அந்தோனியார் வந்து நிற்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கு ஒரு கடிதம், அயல்வீட்டுப் பிள்ளையின் வேலை விண்ணப்பம் என்று ஏதாவது அடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "ஆபீஸ் பேப்பர் இல்ல தம்பி, நான் கொண்டு வந்தது" என்பார். பிரச்சினை தாள் அல்ல, விதி என்று நான் விளக்குவேன். அவருக்கு நான் எழுத்தில் இரண்டு எச்சரிக்கைகள் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிலிருந்த ஓர் எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தித் திருப்பித் தந்தார்.

அந்த வருடம் என் அம்மா ஊரில் இறந்துபோனார். செய்தி என்னிடம் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. பாதை பூட்டியிருந்தது. போயிருந்தாலும் சாம்பலைக்கூடப் பார்த்திருக்க முடியாது. கொழும்பிலிருந்த நாலைந்து உறவினர்களைக் கூட்டி, வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டு மண்டபத்தில் முப்பத்தோராம் நாளைச் செய்வதென்று முடிவாயிற்று. முப்பத்தொன்று என்றால் எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு வேண்டும். கல்லில் வெட்டுவதல்ல, இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரமும் பிள்ளைகள் புலம்பலும் அச்சிட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம். அது இல்லாமல் அனுப்பினால் அம்மாவை வெறுங்கையோடு அனுப்பியதாகிவிடும் என்று நினைத்தேன். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கவே இரண்டு கிழமை கேட்டார்கள். இந்த ஏற்பாடெல்லாம் முடிவதற்குள் என்னிடம் மிஞ்சியிருந்தது ஒன்பது நாள்.

டைப்பிஸ்ட் மிஸ்ஸிடம் நான் கேட்கவில்லை. அவரே வந்தார். "தம்பி, என்ட மச்சான் பிரஸ்ஸில வேலை. தமிழ் எழுத்து ஒரு புளொப்பியில வச்சிருக்கிறான். நான் அடிச்சுத் தாறன், அவங்க அப்படியே படம் எடுத்து அடிப்பாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாவது கட்டளையையும் ரெண்டாவது கட்டளையையும் மட்டும் ஒரு கிழமைக்கு நிப்பாட்டி வையுங்க" என்றார். அடுத்த நாள் மச்சானின் புளொப்பியை அவருடைய கணினிக்குள் போட்டது என் கைதான். தமிழ் எழுத்துருவை ஏற்றியதும் நான்தான்.

ஒரு கிழமை முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் அவர் அடிக்க, நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சரிபார்த்தேன். தட்டச்சில் பழகியவர் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகத்தான் வைத்தார். ஒருமுறை எழுத்துரு தவறிப்போய்த் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடந்தன. நான் பதறினேன். அவர் பதறவில்லை. அந்த எழுத்துரு பழைய தமிழ்த் தட்டச்சின் விசைகளையே பின்பற்றியது. ஆகவே அவருடைய விரல்களுக்கு எல்லாமே விளங்கியது. திரையில் mk;kh என்று இருந்ததைத் தொட்டுக் காட்டி, "எம் எண்டா அ. கே எண்டா ம. இந்த அரைப்புள்ளிதான் மேல வைக்கிற குத்து. கடைசியில உள்ள எச்தான் அரவு, பக்கத்தில போடுற கால். வாசிச்சுப் பாருங்க" என்றார். வாசித்தேன். அம்மா. மாமா ஒருவர் எழுதித் தந்த பிள்ளைகள் புலம்பலில் நாலு அடிக்கு ஒரு தடவை அந்தச் சொல் வரும். அந்தப் பக்கத்தை அடித்து முடித்தபோது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஊரில் அழ முடியாமல் போன அழுகையை அங்கே, என் சொந்த விதிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் அழுதேன்.

கல்வெட்டு நேரத்துக்கு வந்தது. முப்பத்தொன்று நடந்தது. உறவினர்கள் அச்சைப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. கந்தோர் நிர்வாகம் பயந்துபோய், இராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பாதுகாப்பு அதிகாரியாக எடுத்தது. வந்த கையோடு அவர், நாளை எல்லாக் கணினிகளையும் திறந்து பார்க்கப் போவதாக அறிவித்தார். அன்று மாலை எல்லோரும் போன பிறகு நான் டைப்பிஸ்ட் மிஸ்ஸின் கணினியின் முன் உட்கார்ந்தேன். கல்வெட்டுக் கோப்புகளை அழித்தேன். தமிழ் எழுத்துருவையும் அழித்தேன். மச்சானின் புளொப்பியை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். தட்டச்சுப் பழகிய கை கார்பன் வைக்காமல் எதையும் அடிக்காது. புலம்பல் பக்கத்துக்கு அவர் அதே கணினியில் வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தார்.

அடுத்த நாள் பத்து மணியளவில் மேஜர் அதைக் கண்டுபிடித்தார். எழுத்துரு இருந்திருந்தால் அவர் கண்டிருப்பது ஒரு தமிழ்ப் பாட்டு, அவ்வளவுதான். இல்லாததால் அவர் கண்டது ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், எந்த மொழியும் அல்லாத ஒன்று. மனேஜரைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார். டைப்பிஸ்ட் மிஸ் தன் கதிரையிலேயே இருந்தார். மேஜர் பேனா முனையால் திரையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். அந்த ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்துவிட்டார். அது ஓர் ஆளின் பெயர் என்று முடிவுகட்டி, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "மே எம்.கே. கவுத?"

இந்த எம்.கே. யார்?

நான் அதை வாசித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அது ஆங்கில எழுத்தாகத் தெரியவேயில்லை. அம்மா என்று நேராகத் தெரிந்தது.

"தன்னே நே, சேர்" என்றேன். தெரியாது, சேர்.

என் பக்கத்திலிருந்து டைப்பிஸ்ட் மிஸ்ஸின் குரல் வந்தது. "ஏ அம்மா, சேர். மகே அம்மா." அது அம்மா, சேர், என் அம்மா. சிங்களத்திலும் அம்மாவுக்கு அம்மாதான். மேஜர் நம்பவில்லை. எம்மும் கேயும் எப்படி அம்மாவாகும் என்று கேட்டார். அது தமிழ், செத்தவீட்டுப் பாட்டு, தமிழ் எழுத்துப் போட்டால் சரியாகத் தெரியும் என்று அவர் சொன்னார். மேஜர் என் பக்கம் திரும்பி, இந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். லாச்சி நான்கு அடி தூரத்தில் இருந்தது. புளொப்பியைப் போட்டு எழுத்துருவை ஏற்ற இரண்டு நிமிடம் போதும்.

"இல்லை சேர், அது விதிகளுக்கு முரண்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் ஆயுளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. டைப்பிஸ்ட் மிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருக்கலாம் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

மதியத்துக்கு முன்பே பொலிஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது. அன்று மாலை வெள்ளவத்தையில் இறங்கி, ரயில் பாதையைக் கடந்து போய், புளொப்பியை இரண்டாக உடைத்துக் கடலில் எறிந்தேன். அதைச் செய்யும்போதும் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன்.

அவரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பங்குச் சுவாமியாரும் டைப்பிஸ்ட் மிஸ்ஸின் மகளும் வீட்டிலிருந்த பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார்களாம். கந்தோரில் அச்செடுத்துக் கொண்டுபோன தாளில் இருந்ததை இன்ஸ்பெக்டர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, டைப்பிஸ்ட் மிஸ் ஆங்கில விசைகள் இருக்கிற இடத்தை எண்ணித் தமிழ் இயந்திரத்தில் அந்தந்த விசையை அடித்துக் காட்டினாராம். எம் இருந்த இடத்தில் அ விழுந்தது. ஒரு பக்கம் முழுவதும் அப்படி அடித்து, அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது விட்டுவிட்டார்கள். கந்தோர் விடவில்லை. வெளிப் புளொப்பி, சொந்த வேலை, ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். அவரை வீட்டுக்கு அனுப்ப நான் எழுதிய கடிதங்களே போதுமாக இருந்தன. என் விழிப்பைப் பாராட்டி மனேஜர் ஒரு குறிப்பு எழுதினார். என்னுடைய பதினொரு விதிகளும் காலி நகரக் கிளைக்கும் அனுப்பப்பட்டன.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன் என்ற பயம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனை இரண்டு நாளில் விட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுகிற அவருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் வாயைத் திறந்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவர் போட்ட கணக்கு. நான் அப்போது யோசித்தது பூசா முகாமையோ வெலிக்கடைச் சிறையையோ அல்ல. விதியை எழுதியவனே விதியை மீறினான் என்று கிளாக்கர்மார் சிரிப்பார்களே என்றுதான் யோசித்தேன். இன்று என் பேத்தி கைபேசியில் விரலை வைத்தால் தமிழ் தானாக விழுகிறது. எந்த எழுத்தும் வேறு வேடம் போடுவதில்லை. டைப்பிஸ்ட் மிஸ்ஸும் காலமாகிவிட்டார். இனி மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

ஆனால் கேட்க ஒரு நாள் இருந்தது. அவர் வேலை இழந்து ஆறு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழி முழுக்கச் சொற்களை ஒத்திகை பார்த்தேன். ஒடுக்கமான வீடு. முன் அறையில் அந்தத் தட்டச்சு இயந்திரம், பக்கத்தில் யாரோ கொடுத்த வேலைத் தாள்கள். அவர் என்னைக் கண்டதும் எந்த முகமும் காட்டாமல், "வாங்க தம்பி, இருங்க. தேத்தண்ணி ஊத்துறன்" என்றார். உள்ளே இருந்து ஒரு வயதான அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா. இறந்துபோனதாகப் பொலிஸ் ஸ்டேசனில் சொல்லப்பட்ட அம்மா.

நான் கந்தோர் ஆள் என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாருங்க தம்பி, இவ என்னைப் பொலிசில கொண்டுபோய்ச் சாகடிச்சுப் போட்டு வந்திருக்கிறா! ஆரோ ஒரு புள்ளைட அம்மாவ என்ட அம்மா எண்டு சொன்னாவாம். ஆர் அந்தப் புள்ளை எண்டு கேட்டா வாயத் திறக்கிறா இல்ல" என்று பல்லில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "செத்துப்போன அந்த மனிசிக்காகவும் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்றன். பேர்தான் தெரியாது. பேரைச் சொல்லி மன்றாடினா நல்லம்" என்றார்.

டைப்பிஸ்ட் மிஸ் கோப்பையோடு வாசலில் நின்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டுக் கேட்டார்.

"தம்பிட அம்மா ஊரிலயா? சுகமா இருக்கிறாவா?"

"ஓம்" என்றேன். "சுகமா இருக்கிறா."