மிளகாய்ப் புகையில் அகப்பட்ட சுரம்

கோபிசங்கருக்கு நாற்பத்துமூன்று வயது. உடுப்பிட்டியில் வீடு, கமநல சேவை நிலையத்தில் என் பக்கத்து மேசை, உதயகலா என்ற பொறுமையான மனைவி. இவ்வளவும் இருந்தும் மனுசனுக்கு ஒரு குறை. எழுபதுகளில் பேர்போன ஒரு வெள்ளைக்கார ரொக் கிற்றார்காரரின் சத்தம் தன் கிற்றாரில் வரவில்லையாம். என்ன சத்தம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். ஒரு சுரத்தை அடித்தால் அது தேயாமல் அழுதுகொண்டே நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வெள்ளைக்காரரிடம் ஆள் உயர ஆம்பிளிஃபயர்கள் இருந்தன. இவனிடம் இருந்தது ஒரு மடிக்கணினி. பழைய ஆம்பிளிஃபயர்களைத் திரையில் படமாகக் காட்டி, அவற்றின் சத்தத்தையே போலியாகத் தரும் மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றியிருந்தான். திரை முழுக்கக் குமிழ்கள். கந்தோர் விட்டு வந்தால் அவற்றைத் திருகுவதே வேலை. கிற்றார் வாசித்த நேரத்தைவிடக் குமிழ் திருகிய நேரம்தான் அதிகம். வந்ததெல்லாம் தகரம் சுரண்டும் சத்தம்.

வெறும் பொழுதுபோக்கென்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு தரமாவது ஒரு இசைக்குழுவோடு மேடையேற வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவனுடைய ஆசை. ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த மார்கழியில் யாழ்ப்பாணத்து டிரம்ஸ்காரர் எமில்ராஜ், பொங்கல் கழிந்த கையோடு வைக்கவிருந்த திறந்தவெளிக் கச்சேரிக்குக் கிற்றார்காரர் தேடினார். வாசித்து வீடியோ அனுப்பச் சொன்னார்.

அன்றைக்குப் பார்த்து உதயகலா சரக்குத்தூளுக்கு மிளகாய் வறுத்தாள். புகை அறைக்குள் வந்தது. கோபி யன்னலைத் திறந்தான், பிறகு தும்மினான். தும்மிய தும்மலில் மவுஸ் இழுபட்டு ஏதோ ஒரு குமிழ் திரும்பிவிட்டது. கண்ணீர் வழிய வழியக் கடைசிச் சுரத்தை அடித்தான். சுரம் நின்றது. தேயவில்லை, அழுதுகொண்டே நின்றது.

கைத்தொலைபேசியில் பதிவானதை அப்படியே எமில்ராஜுக்கு அனுப்பினான். குமிழ்கள் இருந்த இருப்பை 'மிளகாய்' என்று பெயர் வைத்துச் சேமித்தான். பதில் உடனே வந்தது.

"அண்ணை, உந்தச் சத்தத்தை எங்கை பிடிச்சனீங்கள்? ஒத்திகைக்கு வாங்கோ."

ஒத்திகையில் தகரம் சுரண்டியது. ஆடத் தெரியாதவன் முற்றம் கோணல் என்ற கதையாக, யாழ்ப்பாணத்துக் கரண்ட் சரியில்லை என்றான் கோபி. வீட்டுக்கு வந்து 'மிளகாயை' அமுக்கினால் சுரம் நிற்கிறது. எனவே அடுத்த ஒத்திகைக்கு ஒரு கடதாசிச் சரையில் வறுத்த மிளகாய் கொண்டுபோய் மணந்து பார்த்தான். குழு முழுவதும் தும்மியதுதான் மிச்சம்.

"வாற கிழமைக்குள்ளை சரிவராட்டில் வேறை ஆளைப் பாக்கவேணும். குறை நினையாதேங்கோ அண்ணை" என்றார் எமில்ராஜ்.

அதற்குப் பிறகு கோபி கந்தோரில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒருநாள் பின்னேரம் அவன் வீட்டுக்கே போனேன். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிச் சுரத்தை அடித்துக் காட்டினான்.

நான் வட்டுக்கோட்டைக்காரன். உடுப்பிட்டி போன்ற வடமராட்சி ஊர்க்காரருக்கு மார்கழி, தை மாதங்களில் பழகிப்போய்க் காதில் விழாத சத்தம் ஒன்று எனக்குக் கேட்கும். முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அடுத்த வளவு உதயகலாவின் தம்பி செந்தூரனுடையது. அங்கே தென்னையில் கட்டிவிட்ட ஆள் உயரப் பட்டம் வானத்தில் நின்றது. அதன் தலையில் விண் பூட்டியிருந்தது. வில்லாக வளைத்த கம்பில் இழுத்துக் கட்டிய நார்தான் விண். காற்றுப் பட்டால் நாள் முழுக்க ஒரே சுரத்தில் கூவும். கோபியின் கடைசிச் சுரமும் அதுவே.

"கோபி, உன்ரை வெள்ளைக்காரன் தென்னையிலை கட்டுப்பட்டு நிக்கிறான்" என்றேன்.

அவன் நம்பவில்லை. செந்தூரனைக் கூப்பிட்டுப் பட்டத்தை இறக்கச் சொன்னேன். இறக்கியதும் கோபி அடித்தான். தகரம்.

கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான்.

"அப்ப அவை என்னை எடுக்கேல்லை, தியாகண்ணை. பட்டத்தைத்தான் எடுத்திருக்கினம்" என்றான் என்னிடம்.

உதயகலா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்த டிரம்ஸ்காரத் தம்பியிட்டை உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ."

சொன்னான். எமில்ராஜ் சிரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

"அப்ப பட்டத்தையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

கச்சேரியன்று செந்தூரன் மேடைக்குப் பின்னால் பட்டத்தை ஏற்றினான். விண் நம்முடைய சொல்லுக்குச் சுரம் மாற்றுமா? குழு முழுவதும் அண்ணாந்து பார்த்து அதற்குச் சுருதி சேர்த்தது. கோபியின் கடைசிச் சுரம் வந்ததும் பேசி வைத்தபடி மற்ற எல்லாரும் நிறுத்தினார்கள். விண் கூவிற்று. சனம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தது. ஒரு கண்கூட கோபி பக்கம் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்று விழுந்தது. பட்டம் இரண்டு குத்துக்கரணம் போட்டு ஐஸ்கிறீம் வான் கூரையில் வந்து குந்தியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் கோபியும் தகரமும் மட்டும்.

நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சத்தம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தால், கோபி கிற்றார்க் கம்பியை விரலாலேயே உலுப்பிச் சுரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். தேயத் தேய மறுபடி அடித்தான், மறுபடி உலுப்பினான். மெலிந்த சத்தம், இழுபறியான சத்தம். இருந்தாலும் மேலே பார்த்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கி அவனைப் பார்த்தன. எமில்ராஜ் மெதுவாக டிரம்ஸைத் தொட்டுக் கூடப் போனார். கைதட்டல் கிடைத்தது. பெரிதாக இல்லை, ஆனால் கிடைத்தது.

முடிந்தபின் கோபி வயர் சுற்றிக்கொண்டு நின்றான். எமில்ராஜ் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த முறை செந்தூரனை ரெண்டு பட்டம் ஏத்தச் சொல்லுறன், தம்பி" என்றான் கோபி.

"அடுத்தது மண்டபத்துக்குள்ளை அண்ணை."

கோபியின் முகம் விழுந்துவிட்டது.

"அதுக்குள்ளை பட்டம் ஏத்தேலாதே."

"ஓம், ஏத்தேலாது" என்றார் எமில்ராஜ். "நீங்கள் வாங்கோ."