கொழும்பு மழையில் நனைத்த புடவைகள்

மூட்டையைப் பிரித்ததும் புளித்த கஞ்சி வாடைதான் முதலில் வெளியே வந்தது.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம். கடைக்காரர் ராவுத்தர் எங்கள் சேலத்துக்காரர். நான் அம்மாபேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வெளியூர் விற்பனை பார்த்துவந்தேன். கூட வந்தவர் இளம்பிள்ளை நெசவாளர் மாரிமுத்து. புடவைகள் அவர் தறிகளில் நெய்தவை. ராவுத்தர் எடுத்துக்கொண்டால் தீபாவளிவரை அந்தத் தறிகளுக்கு வேலை உண்டு. திருப்பிவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். புறப்படும்போதே முதலாளி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாங்கள் கிளம்பியபோது ஊரில் செம்மண் பறந்துகொண்டிருந்தது. தலைமன்னாரில் கப்பலை விட்டு ரயில் ஏறினோம். தெற்கே போகப் போகக் காற்று கனத்தது. விடிந்தபோது தென்னைகள் தண்ணீருக்குள் நின்றன. அந்த ஊரில் மழை பெய்தது என்பதைவிட, மழைக்குள் அந்த ஊர் இருந்தது என்பது சரி. எங்கள் பக்கம் தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி வெயிலில் காயவைப்பார்கள். மாரிமுத்து ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், “ஏனுங்க, இங்க பாவு எங்கீங்க போடுவாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ராவுத்தர் ஒரு புடவையைத் தடவிப் பார்த்தார். “என்ன மாரிமுத்து, இது பொடவையா பணியாரமா? மாவு கையில ஒட்டுது.”

“கடல் தாண்டிப் போற சரக்குன்னு கஞ்சியக் கொஞ்சம் கூடவே போட்டுட்டனுங்க. மொடமொடன்னு இருந்தாத்தானுங்களே புதுசு.”

“அது சேலத்து வெயிலுக்கு. இதை உள்ள வெச்சா மத்த துணிக்கும் வாடை ஏறிடும். தப்பா நினைக்காதீங்க, எடுத்துட்டுப் போயிடுங்க.”

ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே வந்ததில் என் வேட்டியின் கஞ்சி முழுக்கப் போயிருந்தது. பாதி உலர்ந்த அந்த வேட்டி உடம்புக்கு இதமாக இருந்தது. “கஞ்சியை எடுத்துட்டா என்ன?” என்று கேட்டேன்.

மாரிமுத்து ஒரு புடவையின் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். புடவையின் உடல் சந்தன நிறம், கரை சிவப்பு. சிவப்பு இறங்கி உடலில் பாய்ந்தால் அதைச் சேலத்திலும் விற்க முடியாது.

“சாயம் நான் தோய்ச்சதுதானுங்க. ஆனா இத்தன மழையில நனைச்சுப் பாத்ததில்லீங்க.”

பிறகு அவரே ஒரு புடவையை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு நடந்தார். ஒரு தலைப்பை அவர் பிடித்தார், மறு தலைப்பை நான். எதிர்க்கூரை மழையில் மறைந்துவிட்டது. துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. உலகத்தில் மிச்சமிருப்பது எங்கள் இருவருக்கும் நடுவே தொங்கும் அந்தப் புடவை ஒன்றுதான் என்று தோன்றியது. அதிலிருந்து அரிசி களைந்த நீர்போல வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியது. நாங்கள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போதுமுங்களா?” என்றேன்.

“இன்னுங் கொஞ்சம் புடிங்க.”

வெள்ளை குறைந்தது. பிறகு தண்ணீர் நிறமே இல்லாமல் ஓடியது. மாரிமுத்து மழையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மற்றவற்றையும் அப்படியே நனைத்தோம். ராவுத்தர் கடையின் பின்கட்டில் கயிறு கட்டி, கீழே கரியடுப்பும் சாம்பிராணியும் வைக்கச் சொன்னார். புகைக்குள் புடவைகள் மெதுவாக அசைந்தன. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஒரு பெண் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“இதென்ன, இப்பிடி மெத்தெண்டு இருக்கு? மற்றதெல்லாம் அட்டை மாதிரி. ரெண்டு எடுத்து வையுங்கோ, காய்ஞ்ச பிறகு வாறன்.”

ராவுத்தர் எங்களைப் பார்த்தார். “எல்லாத்தையும் எடுத்துக்கறேன். அடுத்த தடவை கஞ்சியை ஊர்லயே விட்டுட்டு வாங்க.”

கஞ்சியில்லாமல் நூலை நெய்ய முடியாது, இழை அறுந்துவிடும். ஆகவே கொழும்புச் சரக்கை மட்டும் நெய்து முடித்து, அலசி உலர்த்தி, பிறகு மூட்டை கட்டினோம். சரக்கு போகும் ஊரின் காற்றில் ஒருமுறை நின்று பார்க்காமல் அதன் தரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று, எனக்குப் பின் விற்பனை வேலைக்கு வந்தவர்களிடம் சொல்லிவந்தேன்.

இளம்பிள்ளைக் கிணற்றடியில் மாரிமுத்து முதல்முறை அலசியபோது நானும் இருந்தேன். தண்ணீர் சேந்த வந்த அம்மாள் ஒருவர் நின்று பார்த்தார். “புதுப் பொடவையத் தொவைக்கறியே சாமி, ஆரு கட்டி அவுத்தது?”

“ஆரும் கட்டலீங்க. மழைக்குப் போற பொடவைங்க, இங்கயே பழகிக்கட்டும்” என்றார் மாரிமுத்து.