மலைக்காரனும் படகுக்காரியும்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பாதி புரியும், மீதியைப் படத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். இப்படிப்பட்டவள் இரண்டு வீடியோ கேம்களில் எது உசத்தி என்று எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் நண்பர். ஊத்தங்கரைக்காரர். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்னே கேட்பார்.

"அண்ணி, எது பெஸ்ட்டு? மலையா, படகா? இன்னிக்கி சொல்லாம வுட மாட்டன்."

"சாப்புட்டு கேளுங்க" என்று நான் நழுவிவிடுவேன். ஒரு பதில் சொன்னால் இன்னொன்றுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று எனக்குக் கவலை. கவலைப்பட எனக்குக் காரணமே வேண்டியதில்லை. கேஸை மூடினோமா என்று பார்க்கப் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தவள் நான்.

போன வருஷம் மழையில் பாகலூர் ரோட்டில் என் வீட்டுக்காரருடைய வண்டி சறுக்கியது. உடம்பில் வேறெங்கும் அடியில்லை. உடைந்த ஹெட்லைட் கண்ணாடி மேல் வலது கை ஊன்றியதில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் நரம்பு அறுந்தது. ஆஸ்பத்திரியில் இணைத்துத் தைத்தார்கள். கட்டைப் பிரித்த அன்று அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கையில் வைத்து, "நாள் பூரா அமுக்கிட்டே இருங்க. முரட்டு வேலை மட்டும் வேணாம்" என்றார்.

இவருக்கு லைனில் போல்ட் முடுக்கும் வேலை. மேலிருந்து தொங்கும் துப்பாக்கி மாதிரியான கருவியைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் விசையை அழுத்த வேண்டும். மறுபடி லைனுக்குப் போகக் கம்பெனி டாக்டர் ஒரு சோதனை வைப்பார். அவர் கண் முன்னால் இருபது போல்ட், நடுவில் கையைத் தளர்த்தாமல் முடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார்கள். முடியாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற லாரி நம்பரை எழுதும் வேலை.

"அதுக்கா நான் ஐடிஐ படிச்சன்?" என்பார் இவர். சொல்லிவிட்டுப் பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிடுவார். நான் குனிந்து எடுத்துக் கழுவி மறுபடி கையில் கொடுப்பேன். இப்படியே பதினைந்து நாள் போனது.

அப்போதுதான் ஊத்தங்கரைக்காரர் ஒரு துணிப்பையோடு வந்தார். புதிய மாடல் வாங்கிவிட்டாராம். பழைய கேம் பெட்டி, கையில் பிடிக்கும் ரிமோட், இரண்டு டிஸ்க் எல்லாம் அந்தப் பையில் இருந்தன. "பந்த அமுக்குனா யாருக்குத்தான் போரடிக்காது? இத அமுக்கட்டும், அண்ணி. கதையும் கெடைக்கும், கையும் வரும்" என்று டிவியில் வயரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

முதல் டிஸ்க் மலை. பனி மூடிய மலையில் காணாமல் போன அண்ணனைத் தேடித் தம்பி ஏறுகிறான். பேச்சு குறைவு, ஏற்றம் அதிகம். ஒவ்வொரு உயரத்திலும் அண்ணன் விட்டுப்போன ஏதாவது கிடைக்கும். ஒரு டப்பா, ஒற்றைக் கையுறை, பாதி எழுதிய கடிதம். அதை இவர் மெதுவாகப் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். கயிற்றில் தொங்கும் இடம் வந்தால் ரிமோட்டின் பின்பக்க விசையை ஆள்காட்டி விரலால் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தம் தளர்ந்தால் தம்பியின் பிடி நழுவும், விழுவான். விழுந்த மறு நொடி அதே பாறையில் எழுந்து நிற்பான். எத்தனை தடவை விழுந்தாலும் அந்த மலை ஒரு வார்த்தை திட்டாது. லைன் லீடரிடம் திட்டு வாங்கியே பழகிய எங்களுக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

இரண்டாவது டிஸ்க் படகு. தீவுகளுக்கு நடுவே ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு பெண்ணின் கதை. துடுப்புப் போட இரண்டு கட்டை விரல் போதும். ஏறுகிறவர்கள் எல்லாரும் பேசுவார்கள். தையல் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர், கல்யாணத்திலிருந்து ஓடி வந்த ஒரு பெண், சம்பளத்தைத் தொலைத்த ஒரு சமையல்காரர். எங்கள் ஓசூர் டவுன் பஸ்ஸில் தமிழும் கன்னடமும் தெலுங்குமாக ஆளாளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வருவார்களே, அதே மாதிரி. அவர்கள் கேட்டதற்கு நாம் மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அது மூடுவதற்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் படகுக்காரி வாயைத் திறக்கவில்லை என்று ஆகிவிடும். பின்னால் போய் மாற்ற முடியாது.

ஒரு நாள் ஒரு அம்மா ஏறினாள். "என் மகன் அந்தத் தீவில் இருக்கிறானா?" என்று கேட்டாள். அவன் கப்பலேறிப் போய்விட்டது எங்களுக்கு முன்பே தெரியும். ரிமோட் என் கையில் இருந்தது. சொல்லவா, வேண்டாமா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் வட்டம் மூடிக்கொண்டது. அவள் இறங்கிக் கரையில் நின்றாள். அதற்குப் பிறகு அந்தத் தீவைத் தாண்டும்போதெல்லாம் அங்கேயே நின்றாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றார் இவர்.

"பாவமா இருந்துச்சுங்க."

"இப்ப மட்டும்?"

எனக்கு ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை, காலை ஷிப்ட். இரண்டரைக்கு வீடு வந்து சேர்வேன். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை விளையாடுவோம். விரல்கள் மடங்க ஆரம்பித்தன. பயிற்சி அம்மாவே ஆச்சரியப்பட்டார். ஆனால் மலையில் மூன்றாவது கயிறு என்று ஒன்று வந்தது. நீளமான கயிறு. பாதி தூரத்தில் இவர் விரல் நடுங்கும், தம்பி விழுவான். நாலு நாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் இவர் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு விரல்களையே பார்ப்பார். தம்பி விழுவதை என்னால் தாங்க முடிந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் இவர் தண்ணீர் கேன் வந்திருக்கிறதா என்று பார்க்கக் கீழே போனார். நான் மெனுவுக்குள் போனேன். சத்தத்தைக் குறைக்கத்தான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டு எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அங்கே மூன்று வார்த்தைகள் இருந்தன. ஒன்று எனக்கு மனப்பாடம். எங்கள் கம்பெனிப் பெட்டியில் கிழிக்க வேண்டிய ஓரத்தில் 'ஈஸி ஓப்பன்' என்று அச்சடித்திருப்போம். தினமும் என் கை வழியாக எத்தனையோ 'ஈஸி' போகிறது. அதைத் தொட்டுவிட்டு மெனுவை மூடினேன்.

அன்றைக்கு இவர் மூன்றாவது கயிற்றைத் தாண்டினார். விரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் தம்பி விழவில்லை. "கயித்த வுடாதீங்க, வுடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்துவிட்டார். அவருக்குக் கன்னடம்தான் தாய்மொழி.

"ஏனு கலாட்டெ இது? துணி காயப் போடற கயிறு அறுந்துடுச்சா?"

"இல்லக்கா, டிவிலதான்."

"டிவில கயிறு அறுந்தா இத்தன சத்தமா? நான் வேற என் பொடவ போச்சுன்னு ஓடி வந்தேன்!"

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் இவர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். சோதனை மாசக் கடைசியில் என்றிருந்தது. "வர்ற திங்கக்கெழமையே வரன் சார். கை வந்துடுச்சு."

என் சிரிப்பு அங்கேயே நின்றது. அன்று புதன்கிழமை. இவர் கை இன்னும் முழுசாக வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். திங்கள்கிழமை பதினைந்தாவது போல்ட்டில் கை தளர்ந்தால் லைன் போனது போனதுதான். வியாழக்கிழமை ஷிப்டில் பெட்டி பெட்டியாக அந்த வார்த்தை என் முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் பழையபடி 'நார்மல்' வைத்துவிட்டேன். இவராகவே விழுந்து, இவராகவே தேதியைத் தள்ளி வைத்துக்கொள்வார் என்பது என் கணக்கு. பயந்தவள் போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை நாலாவது கயிற்றில் இவர் ஏழு தடவை விழுந்தார். ரிமோட்டை வைத்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"கை பின்னாடி போவுது, புள்ள. தைச்ச நரம்பு மறுபடி பிரிஞ்சிடுச்சு போல."

"அதெல்லாம் இருக்காதுங்க."

"புதங்கெழம முடிஞ்சது இன்னிக்கி முடியல. வேற என்னா அர்த்தம்? நாளைக்கி ஆஸ்பத்திரி போயி இன்னொரு ஆப்ரேஷன் பண்ணணுமான்னு கேக்கறன்."

மலை டிஸ்க்கை எடுத்துவிட்டுப் படகைப் போட்டார். அதில் விழ முடியாது. இருவரும் துடுப்புப் போட்டுக்கொண்டு போனோம். அந்தத் தீவு வந்தது. அந்த அம்மா கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றேன். "புதங்கெழம நான் ஈஸில வெச்சிட்டன்."

"என்னாத்த?"

"மலைய. நீங்க தண்ணி கேன் பாக்கப் போனப்ப. நேத்து திருப்பி நார்மல்ல வெச்சன்."

இவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. படகு தானாக மிதந்தது.

"அப்ப கை கெடல?"

"கெடல. அன்னிக்கி மாதிரியேதான் இருக்குது."

மூச்சை விட்டார். அப்புறம்தான் கோபம் வந்தது. "ஊறுகா பாட்டில் மூடியும் நீதான் லூசு பண்ணி வெக்கிறியா?"

பொய் சொல்ல நினைத்தேன். "ஆமா" என்றேன்.

"தண்ணி பாட்டிலு?"

"அதுவும்."

"பேஸ்ட்டு மூடி?"

"அத மூடறதே இல்லீங்க."

"அடிப்பாவி! வீடு பூரா ஈஸில வெச்சிருக்க! நான் பாட்டுக்கு நம்ம கைதான் தொறக்குதுன்னு நெனச்சிட்டு இருக்கறன்!"

திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் இரண்டும் மாறி மாறி வந்தன.

அன்றைக்கே ஊத்தங்கரைக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. ஆனாலும் அவர்தான் சூப்பர்வைசரிடம் பேசித் தேதியைப் பழையபடி மாசக் கடைசிக்கே மாற்றிக் கொடுத்தார். இவர் சமையலறைக்குப் போய் இருக்கிற மூடி எல்லாவற்றையும் இடது கையால் இறுக்கி வைத்தார். அந்த இரண்டு வாரமும் ஒரு துவையல் செய்ய நான் புளி ஜாடியோடு மல்லுக்கட்டினேன்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால் இவர் வாசலிலேயே நின்றார். டிவியில் தம்பி நாலாவது கயிற்றுக்கு மேலே, பாறையில் நின்றுகொண்டிருந்தான். காலை பத்து மணிக்கு ஏறினானாம். நான் பார்க்க வேண்டும் என்று அணைக்காமலே வைத்திருக்கிறார். மெனுவைத் திறந்து காட்டினார். "நீயே படிச்சிக்க. எந்த மோடுன்னு."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நார்மல். முதல் கயிற்றிலிருந்து மறுபடி ஏறி வந்திருக்கிறார்.

சோதனை அன்று எனக்கு ஷிப்ட். போன் லாக்கரில். இரண்டு மணிக்கு வெளியே வந்தால், நான் போனை எடுக்கும் முன்னே எதிரில் பஸ் ஸ்டாப்பில் இவர் நிற்பது தெரிந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டைத் தாண்டுவதற்குள் கேட் வேலையில் என்னென்ன நல்லது என்று மனசுக்குள் ஐந்தாறு ஆறுதல் தயார் செய்துவிட்டேன்.

"பதினேழாவதுல நடுங்குச்சு" என்றார். "டாக்டரும் பாத்தாரு. நான் வுடல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மூணுதான பாக்கி. லைனுதான். மொத மாசம் மட்டும் அர நாளு துப்பாக்கி, அர நாளு செக்கிங்."

தயார் செய்த ஆறுதல் ஒன்றும் தேவைப்படவில்லை. அதற்காகவே யார் யாருக்கோ மனசுக்குள் நன்றி சொன்னேன். பயிற்சி அம்மாவுக்கு, துணிப்பைக்காரருக்கு, எந்த நாட்டிலோ உட்கார்ந்து அந்த மலையையும் கடலையும் செய்தவர்களுக்கு. ஓசூரில் ஒரு மாடி வீட்டில் இப்படி ஒரு காரியம் நடந்தது அவர்களுக்குத் தெரியவே போவதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கதை என்று பார்த்தால் படகுதான். மலையில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. படகில் ஒரு ஊரே ஏறி இறங்குகிறது. முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஆனால் நான் மலை என்றுதான் சொல்வேன். விழுந்த இடத்திலேயே எழுப்பி நிறுத்தி, இன்னொரு தடவை பார் என்று சொல்லும் பொறுமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எட்டோடு நிறுத்தியிருக்க மாட்டேனோ என்னவோ. மலை கெட்டிக்காரத்தனமான விளையாட்டு. அதைச் சுலபமாக்கிக் கெடுத்தது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைக்காரரிடம் இதைச் சொன்னேன். நாலு நாள் விழுந்து எழுந்த இவரும் மலை என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். இவர் தட்டிலிருந்து நிமிராமலே, "படகுதான்" என்றார்.

"ஏண்ணா, கைய குடுத்தது மலையில்ல?" என்றார் ஊத்தங்கரைக்காரர்.

"கைய மலைதான் குடுத்துச்சு. படகு இல்லன்னா இவ வாயத் தொறந்திருக்க மாட்டா. நான் திங்கக்கெழமையே போயி கேட்டுல உக்காந்திருப்பன்."

அவர் போன பிறகு படகை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். தையல் மிஷின் கிழவர் ஏறினார், இறங்கினார். அந்த அம்மா ஏறினாள். மகன் அந்தத் தீவில் இருக்கிறானா என்று கேட்டாள். வட்டம் சுருங்க ஆரம்பித்தது. அது மூடுவதற்குள், அவன் போய்விட்டான் என்ற பதிலை அழுத்தினேன்.

அவள் ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, படகை வடக்கே திருப்பு, அங்கே என் தங்கை இருக்கிறாள் என்றாள். முதல் தடவை நாங்கள் வடக்கே போனதே இல்லை. போக வழி இருக்கிறது என்பதே தெரியாது. இவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். துடுப்பைத் திருப்பினார்.