மதினியின் குரல் மட்டும் போன வட்டம்

கோச்சடையில் ஊர் கூடும் பொட்டலான மந்தையில் நிற்கும் அந்தத் தெருக்குழாய்க்கு இரும்புத் தூண், பித்தளை மூக்கு. காலை வெயில் பட்டால் மூக்குத்தி போட்டவள் ஒருத்தி நிற்பதுபோல மினுங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அதை நட்ட புதிதில் ஊர்த்தெருப் பெண்கள் மட்டும்தான் குடம் வைத்துப் பிடிக்கலாம். ஊர் ஒதுக்கிவைத்த எங்கள் தெருவுக்கு அது கண்ணால் பார்க்க மட்டும். நாங்கள் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடம் நிறைந்ததும் கரையேற வேண்டும். கோடையில் இடுப்பளவு தோண்டினாலும் கலங்கல்தான். என் தலைப்பிள்ளை அந்தக் கரையேற்றத்தில்தான் கலைந்துபோனது. இரண்டாவது வயிற்றில் துள்ளத் தொடங்கியபோது குடத்தை எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்காள். வாய் அடங்காதவள். கண்ணில் பட்ட புதுசையெல்லாம் பாட்டாக்கிவிடுவாள். மதுரைக்குள் மில் சங்கு ஊதத் தொடங்கியதும் அதற்கொரு பாட்டு, முதல் பஸ் புழுதி கிளப்பிப் போனதும் அதற்கொரு பாட்டு. நடவு வயலில் அவள் வரி கட்டினால் சிரிப்பில் எங்கள் நாற்று வரிசை கோணிப்போகும். குடத்தோடு என்னைக் கண்டால் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவாள். “இம்புட்டு வயித்தத் தள்ளிக்கிட்டு ஆத்துக்குப் போறியே, கிறுக்கா புடிச்சிருக்கு? கொண்டா, நான் போறேன்” என்று பிடுங்கிக்கொள்வாள். ஆனால் விடிவதற்குள் வேலைக்குப் போகிறவள் தினமும் எப்படி ஆற்றுக்குப் போக முடியும்?

அந்த ஆண்டு முளைப்பாரித் திருவிழா வந்தது. முளைவிட்ட தானியச் சட்டிகளை மந்தையின் நடுவே அம்மன் முன் இறக்கிவைத்து, ஊர்த்தெருப் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் தெய்வக் குற்றம். அந்த வட்டத்தில் சொன்ன சொல் ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு என்பது ஊர்க் கட்டு. வழக்கமாகப் பாட்டு எடுக்கிற அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் சட்டிக்கு உரிமையுள்ள பெரிய வீட்டுக்காரம்மா, வயல்வெளியில் கேட்ட குரலை நினைத்து மதினிக்கு ஆள் அனுப்பினாள். வட்டத்துக்குள் வரக் கூடாது, தள்ளி வேப்பமரத்தடியில் நின்று பாட வேண்டும். குரல் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாது. என்ன நியாயமோ!

நாங்கள் அதற்கும் பின்னால் ஒதுங்கி நின்றோம். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்தாள்.

மாடில்லா வண்டியும் வந்ததடி – ஊரில்
மண்ணெண்ணெய் கேளாத வெளிச்சமடி

வட்டம் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னது. பாட்டில் மில் சங்கு வந்தது, ஆலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் வந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் கைதட்டு ஏறியது. ஆண்கள்கூடத் தலையாட்டினார்கள். சூடு பிடித்த நேரத்தில் மதினி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஆத்துத்தண்ணி கொழாயில் வந்ததடி – அது
ஆத்தாளே தந்திட்ட தண்ணியடி
நீயும் எடுக்கலாம் நானும் எடுக்கலாம்
நெறகுடம் எல்லார்க்கும் உண்டுதானடி

பழக்கம் பொல்லாதது. கை தட்டிக்கொண்டிருந்தது, வாயும் கூடவே சொல்லிவிட்டது. அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கும்மி தானாக நின்றது.

“எம்புட்டுத் திமிருடி ஒனக்கு!” என்று ஓர் ஆள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு ஊராரைப் பார்த்துக் கேட்டார்: “அவ பாடுனா ஆச்சா? நம்ம ஊரு சொல்லலையே!”

“ஏன், நான் சொன்னேன்ல” என்றாள் பெரிய வீட்டுக்காரம்மா. கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. “ஆத்தா மொகத்தப் பாத்துக் கைதட்டிச் சொன்னேன். இப்ப இல்லைன்னு சொன்னா என் புள்ளகுட்டி நல்லா இருக்குமா?” பிறகு வேப்பமரத்துப் பக்கம் திரும்பினாள். “விடிஞ்சதும் கொழாயடிக்குக் குடத்தோட வாங்கடி. ஆனா நீ இனிமே இந்த மந்தையில வாயத் தொறக்கக் கூடாது.”

மறுநாள் என் குடத்தை மதினிதான் குழாயடியில் வைத்தாள். முணுமுணுப்பு இருந்தது, தடுக்க ஆளில்லை. மாதம் நிறைந்து என் மகள் பிறந்தாள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி அவளை முதன்முதலில் குளிப்பாட்டியதும் மதினிதான். மந்தையில் அவள் அதற்குப் பிறகு பாடவே இல்லை. “என்னால ஒன் பாட்டுப் போச்சே மதினி” என்று நான் அழுதால், “போடி, அம்புட்டுப் பேரு வாயில என் வரி ஏறிருச்சு, வேறென்ன வேணும்” என்பாள். திருவிழாக் கும்மிச் சத்தம் கேட்கும் இரவுகளில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சீக்கிரம் படுத்துவிடுவாள்.

மதினி போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. போன வாரம் குழாயடியில் பெரிய வீட்டுக்காரம்மாவின் பேத்தி என்னைக் கண்டதும் தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். “வாங்க, நீயும் எடுக்கலாம் நானும் எடுக்கலாம்” என்று ராகம் போட்டுச் சிரித்தாள்.

“இது யாரு பாட்டுன்னு தெரியுமா தாயி?” என்றேன்.

“தெரியாதே. எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் மோர் கடையுறப்ப இதத்தான் பாடிக்கிட்டே கெடக்கும்.”

அடி மதினி, இதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா! கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது யாருடைய பாட்டு என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். பித்தளை மூக்கின் கீழே என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.