மச்சான் காருக்கு இரண்டு சைலன்சர்

அக்காவைக் கட்டிய மச்சானுக்குத் திருமங்கலம் பக்கம் வாழைத்தோட்டம். செகண்ட் ஹேண்டாக ஓர் அம்பாசடர் வாங்கி, டிக்கியில் வாழைத்தாரை அடைத்துக்கொண்டு மதுரைக்கு வருவார். வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிறது என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டார். நான் அப்போது எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். சும்மா இருப்பேனா? பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, குழாய் மாதிரி நீளமாக நிற்கும் புது வகையை வாங்கி மாட்ட வைத்தேன்.

"அம்புட்டும் மாத்தியாச்சு, சத்தம் ஒண்ணுதான் மாப்ள பாக்கி" என்றார் மச்சான். அவ்வளவு போதாதா எனக்கு.

வில்லாபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. எஞ்சினிலிருந்து வரும் குழாயை முன்னாலேயே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சைலன்சர் வைத்து, பின்னால் இரண்டு பக்கமும் வெளியே விடுவது என்று திட்டம். வலது பக்கம் பழைய வழி இருந்தது. இடது பக்கம் புது ஷாக் அப்சார்பர் குறுக்கே நின்றது. குழாயை மூன்று துண்டாகச் சாய்வாய் அறுத்து, பற்றவைத்து, அதைச் சுற்றி உள்பக்கமாக வளைத்துப் பின்சக்கர ஆக்சிலுக்கு மேலாகக் கொண்டுபோனோம். வண்டி ஜாக்கியில் தூக்கி நின்றது, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆக்சிலுக்கும் குழாய்க்கும் நடுவே விரலைவிட்டுப் பார்த்தேன்.

"நாலு விரல் தாராளமாப் போகுதுண்ணே."

"தொங்குறப்ப போகத்தான் செய்யும் தம்பி. பின்னாடி நாலு ஆள ஏத்திக் கொண்டா. அப்பப் பாத்து முடிவு பண்ணுவோம்" என்றார் பட்டறைக்காரர்.

"நாளைக்கு வாரேன்ணே."

போகவில்லை. தனியாளாக ஆரப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. ஷாக் அப்சார்பர் மாட்டும்போது பின் சீட்டுக்கு அடியில் நான் தப்பாகத் துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது. ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். அதையும் நாளைக்கு என்று விட்டேன். மறுநாள் அக்காவுக்கு வளைகாப்பு.

ஏழாம் மாதம். வளையல் அடுக்கி முடித்ததும் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். கார் என் பொறுப்பு. பின் சீட்டில் நடுவில் அக்கா, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா. டிக்கியில் புளியோதரை, எலுமிச்சை சாத அண்டாக்களும் இரண்டு வாழைத்தாரும். முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் தட்டுவரிசை. ஏறியதும் அம்மா பின்பக்கக் கண்ணாடி இரண்டையும் ஏற்றிவிட்டாள். வளையல் போட்ட உடம்பில் காற்றுக் கருப்பு அண்டக்கூடாதாம். என் பக்கக் கண்ணாடியை மட்டும் நான் முழங்கை வைக்கத் திறந்து வைத்திருந்தேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடியில் 'ணங்'கென்று ஒரு சத்தம். அண்டா உருளுகிறது என்று நினைத்தேன். போகப் போக எஞ்சின் சத்தம் கனத்தது. சைலன்சர் இப்போதுதான் பழகுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திருப்பரங்குன்றம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் எஞ்சினை அணைக்கவில்லை. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"இனிமே எவன் மாப்ள இத வாழத்தார் வண்டிங்கான்?"

நான் ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்துக் காட்டினேன்.

பின்னாலிருந்து அம்மா, "புள்ளைக்கு மயக்கமா வருதாம்டா" என்றாள்.

"வாயும் வயிறுமா இருக்கா, காலையில இருந்து மணையில உக்காத்தி வச்சா வராம என்ன செய்யும்? வேப்பிலைய மூக்குகிட்டப் பிடி" என்றாள் பெரியம்மா.

"கேட் தொறந்ததும் போயிரலாம்மா" என்று மறுபடி மிதித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "எனக்கும் தலை கிறுகிறுங்குதுடா" என்றாள். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்து ஓங்கரித்தாள்.

அம்மாவுக்கு ஐம்பது, பெரியம்மாவுக்கு அறுபது. அவர்களுக்கு எதற்கு மயக்கமும் வாந்தியும்? வகுப்பில் எழுதி மார்க் வாங்கிய வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது: எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு, நிறமில்லை, வாசனையில்லை, ஆளைக் கொல்லும்.

சாவியை எப்போது திருப்பினேன் என்று தெரியாது. பின்கதவைத் திறந்தேன். அக்காவின் தலை பெரியம்மா தோளில் சரிந்து கிடந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. நானும் மச்சானும் தூக்கிப்போய் ரோட்டோரப் புளியமர நிழலில் கிடத்தினோம். அத்தனை வளையல் போட்ட கைகள் மண்ணில் அப்படியே கிடந்தன. மச்சான் தண்ணீர் தெளிக்க, நான் காருக்கு அடியில் குனிந்தேன். ஆள் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி, ஆக்சில் மேலேறிக் குழாயை நசுக்கியிருந்தது. நாலு விரல் போன இடத்தில் ஒரு விரல் நுழையவில்லை. பற்றவைத்த இணைப்பு வாய் பிளந்திருந்தது. நேர் மேலே நான் போட்ட ஓட்டை, அதைச் சுற்றிக் கரி.

அக்கா கண் திறந்தாள். வயிற்றில் கையை வைத்து இங்குமங்கும் நகர்த்தினாள்.

"புள்ள அசையலம்மா" என்றாள்.

கேட்டில் நின்ற வேன்காரர் ஒருவர் எல்லோரையும் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்கினார். லேடி டாக்டர் கேட்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"கண்ணுபட்டுப் போச்சும்மா. அம்புட்டுக் கூட்டம்."

டாக்டர் குளுக்கோஸ் என்று எழுத ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

"டாக்டர், கார்ப் புகை. ரயில்வே கேட்ல எஞ்சின் ஓடிக்கிட்டே நின்னோம், கண்ணாடி மூடியிருந்துச்சு. நான் மாட்டின குழாய் விட்டுப்போய் உள்ள வந்திருக்கு."

அவர் பேனாவைப் போட்டுவிட்டு ஆக்சிஜன் சிலிண்டருக்குக் குரல் கொடுத்தார். அக்கா முகத்தில் மாஸ்க்கை வைத்தார்கள். டாக்டர் புனல் மாதிரி ஒரு குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துடிப்பு கேக்குது" என்றார் டாக்டர். "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்லுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கேட்ல எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"எஞ்சின ஏன் ஆஃப் பண்ணல?"

என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"சத்தம் நல்லா இருந்துச்சு."

"நானும்தாங்க நின்னு ரசிச்சேன்" என்றார் மச்சான், தரையைப் பார்த்தபடி.

அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். மாஸ்க்கோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.