சோத்தாங்கைப் பக்கம்

பக்கவாதம் வந்து என் மனைவிக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளை நாற்காலியோடு தூக்கித்தான் வாசற்படி ஏற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்தார்கள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வலியால் அல்ல, வெட்கத்தால்.

கால் மெல்ல மெல்லத் திரும்பியது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தாள். ஆனால் எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. படிகள் செங்குத்து, மழை பெய்தால் பாசி வேறு. கை நம்பிப் பிடிக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் மட்டும் மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து பூசிவிடுவேன். ஒருநாள் பூசும்போதே சொன்னாள்.

"என்னைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா கூப்பிடாதீங்க. என் காலால இறங்கி வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அம்மனிடமே சொல்லிவிட்டாள். படிக்குக் கைப்பிடி போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

உக்குவளையில் வெல்டிங் வேலை செய்கிற முஸ்லிம் தொழிலாளி ஒருவர் இருக்கிறார், ஊரில் பாஸ் என்பார்கள். நானா என்றுதான் கூப்பிடுவேன். வந்து அளந்துவிட்டு, "ரெண்டு பக்கமும் போடுவமா அண்ணே?" என்று கேட்டார். அவளுக்குப் பிடிக்க முடிந்தது ஒரு கைதானே, ஒரு பக்கம் போதும் என்று எனக்குத் தோன்றியது. "சோத்தாங்கைப் பக்கம் போடுங்க நானா" என்றேன். அப்போது நான் கதவடியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை இருவருமே யோசிக்கவில்லை.

நான் வேலைக்குப் போன நாளில் வந்து போட்டுவிட்டார். பின்னேரம் திரும்பி வந்தபோது கம்பங்கள் கொங்கிரீட்டில் இறுகி நின்றன. பச்சைப் பெயின்ட் கையில் ஒட்டியது. அழகாகத்தான் இருந்தது. மேலே ஏறிப்போய்த் திரும்பி இறங்கினேன். கம்பி என் பீச்சாங்கைக்கு வந்தது. போன் எடுத்தேன்.

"நானா, பக்கம் மாறிப் போச்சே!"

"எப்பிடி மாறும்? ஏறிப் போற ஆளுக்கு சோத்தாங்கை இதுதானே. நீங்க சென்ன பக்கம்தானே நான் போட்ட."

"அவ இறங்கத்தானே கேட்டா!"

"பேய்ப் பேச்சா ஈக்கே அண்ணே, எறங்கினா ஏறத் தேவல்லையா? சரி, மத்தப் பக்கமும் போட்டுத் தாறேன். அடுத்த கிழமைதான் ஏலும்."

அவள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நீங்க நெனச்ச பக்கம் போட்டிருந்தா, எறங்கிப் போனவ ரோட்டுலயே குடியிருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடுத்த வெள்ளிக்குப் போவோம், சரியா?"

"அம்மாகிட்ட இந்த வெள்ளின்னு சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்து, போய்ப் படியைத் தேய்த்தேன். மழை பெய்தது, பாசி வந்திருக்குமோ என்று மறுபடியும் தேய்த்தேன். கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்தால் வாயில் தேவாரம், மனசில் படி. இனி விழுந்தால் எழும்ப மாட்டாள் என்று டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. மழையை நிறுத்தாதே தாயே, அவள் மனசு மாறட்டும் என்று கேட்டேன். அப்படியும் ஒரு வேண்டுதல்.

வெள்ளிக்கிழமை வெயிலாக விடிந்தது.

சேலை கட்டி, பொட்டு வைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கீழே த்ரீவீல் நின்றது. நான் கீழ்ப்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் ரோட்டைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உடம்பைத் திருப்பி வீட்டைப் பார்த்து நின்றாள். உள்ளே போகப் போகிறாள் என்று எனக்கு மூச்சு வந்தது.

போகவில்லை. சோத்தாங்கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் இறக்கினாள்.

"என்ன செய்ற நீ!"

"சந்நிதியிலருந்து வெளிய வர்றப்போ அம்மாவுக்கு முதுக காட்டிட்டா வர்றோம்? அப்படியே பின்னாலதானே வர்றோம். அந்த மாதிரி."

கதவு நிலைக்கு மேலே அம்மன் படம் மாட்டியிருக்கிறோம். அதையே பார்த்தபடி இறங்கினாள். கம்பி இப்போது அவள் நல்ல கையின் பக்கம் இருந்தது. இத்தனை நாளும் ஏறி இறங்கிப் பார்த்த எனக்கு இது தோன்றவேயில்லை. இடுப்பைப் பிடிக்கப் போனேன்.

"கைய எடுங்க. தொட்டீங்கன்னா தடுமாறிருவேன். வாயால மட்டும் சொல்லுங்க."

"படி இருக்கு. இன்னும் இருக்கு. மெதுவா..."

இடது கால் இழுபட்டு வந்தது. நடுவில் ஒரு படியில் நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் முருகா என்றேனா, தாயே என்றேனா, தெரியாது. மறுபடி கால் இறங்கியது.

"இன்னும் இருக்கா?"

"இல்ல. ரோட்டுல நிக்கிற."

காலால் தடவி நிலத்தைப் பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை. கம்பியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க" என்றாள், த்ரீவீல் பக்கம் நடந்தபடி. "பூசை முடிஞ்சிரும்."